காப்போரின் கணக்கு

ஓப்பநாயக்கத் தோட்டப்புற இளைஞர் சிலர் கைப்பேசியில் கற்பனை உதைபந்தாட்ட அணி அமைத்து மகிழ்வதைக் காண்கிறேன். 100 மில்லியன் பவுண் கற்பனைப் பணத்தில் இங்கிலாந்துப் பிரீமியர் லீக் வீரரை வாங்கலாம், வாரந்தோறும் மாற்றலாம். கோலடிப்போரைத் தெரிவது எளிது. காவல் வீரரை எடைபோடுவதே கடினம்.

எதிரணி கோலடிக்காதவிடத்துக் காவல் வீரருக்கு 4 புள்ளி. நடுக்கள வீரருக்கு 1 புள்ளியே. 2004-05 பருவத்தில் செல்சி அணி 38 ஆட்டங்களில் 15 கோல்களை மட்டுமே விட்டது. பின்னே ஜோன் டெரியும் பீற்றர் செக்கும் நின்றனர். முன்னே நின்று தாக்குதலைக் குலைத்தவர் நடுக்கள வீரர் குளோட் மக்கலேலே. கோல் விடாமைக்கான இப்புள்ளியால் மட்டும் அளந்தால் அவர் காவலின் மதிப்புக் காற்பங்காகச் சுருங்கும்!

அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கென 1962இல் வில்பிரெட் விங்கன்பாக்கும் நண்பர்களும் கற்பனை ஆட்டம் ஒன்றை வகுத்தனர். அதன் இன்றைய வடிவங்கள் பலவற்றில் ஓர் அணியின் காவற்படை முழுவதும் ஒரே அலகு. 2000ஆம் ஆண்டுப் பருவத்தின் 16 ஆட்டங்களில் 165 புள்ளிகளை மட்டுமே விட்ட பால்டிமோர் ரேவன்ஸ் படையின் புகழை ஒருவர் பெயரில் எழுத இயலுமா? இம்முறையே நேர்மையானது என்பேன்.

நம் மலைச்சரிவிலும் இவ்வழக்கு உண்டு. பறித்த கொழுந்து தராசில் ஏறும். பறித்தவர் பெயரில் கிலோ பதியும். மழைக்கு முன் கான் வெட்டி மண்ணைக் காத்தவர் உழைப்பு எத்தராசில் ஏறும்? நேராத இழப்பே அவர் தரும் விளைச்சல். 2003, 2017 ஆம் ஆண்டுகளின் மே மாதங்களில் மண்சரிவுக்கு உயிர்களைப் பறிகொடுத்த இரத்தினபுரி மாவட்டத்தார், அவ்விளைச்சலின் விலையை நன்கறிவர்.