70 வளைவுகளுக்கு முன்: கார்ச் சக்கரச் சத்தம் எதைச் சொல்கிறது?

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலையின் அடிவார ஊர் காரவள்ளி. இங்கிருந்து சோளக்காடு ஏறும் மலைச்சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆகாயகங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் வரும் வெளியூர்க் கார்கள் பல இந்த வழியாகத்தான் ஏறுகின்றன. ஊருக்குள் ஓட்டும்போது மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்ட ஒரு சின்னச் சத்தம், இந்தச் சாலையில் ஒரே நாளில் பெரும் பழுதாகிவிடும்.

சக்கரப் பக்கம் சத்தம் கேட்டால், அது எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதே முக்கியம். வேகம் கூடும்போதா, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதா, பிரேக்கை மிதிக்கும்போதா? இதற்குப் பதில் தெரிந்தால் பழுது பாதி பிடிபட்டுவிடும். கொல்லிமலைப் பயணத்தில் இந்த மூன்றும் தனித்தனியாக வருகின்றன: சமவெளியில் வேகம், ஏற்றத்தில் திருப்பம், இறக்கத்தில் பிரேக்.

சமவெளியில்: வேகத்தோடு கூடும் சத்தம்

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வரும்போதே ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டுக் கவனியுங்கள். மலையில் வேகம் குறைவு என்பதால் அங்கே இந்தச் சத்தங்கள் காதில் விழாது.

வேகம் கூடக்கூட ‘ஊங்’ என்ற இரைச்சலும் கூடினால் காரணம் டயராகவோ வீல் பேரிங்காகவோ இருக்கலாம். சாலையின் தளம் மாறியதும் சத்தமும் மாறினால், மேடுபள்ளமாகத் தேய்ந்த டயர் என்று கொள்ளலாம். தளம் மாறியும் மாறாமல், வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களில் இறங்கும். அப்போது இரைச்சல் கூடினால் இடப்பக்கப் பேரிங்கை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் தெரிந்தால் பெரும்பாலும் பேரிங் போயிருக்கும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் தேய்ந்திருக்கலாம். இன்றைய கார்களில் பெரும்பாலும் மூடிய பேரிங்குகளே வருவதால், கிரீஸ் வைத்துச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

‘டிக் டிக்’ என்று சீராக வந்து, வேகம் குறைந்தால் இடைவெளி விட்டு ஒலிப்பது டயர்ப் பள்ளத்தில் சிக்கிய கல்லாக இருக்கலாம். ‘டப் டப்’ என்று அடித்தால் டயரின் பக்கச் சுவர் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். புடைத்த டயரோடு மலையேறவே கூடாது. தடதடவென்ற சத்தத்தோடு வண்டியும் நடுங்கினால் உடனே ஓரங்கட்டி வீல் நட்டுகளைச் சோதியுங்கள். அண்மையில் டயர் கழற்றி மாட்டிய வண்டி என்றால் இது கட்டாயம்.

ஏற்றத்தில்: திருப்பத்தில் வரும் சத்தம்

கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் ஏறக்குறைய முழுவதும் ஒடிந்திருக்கும். அதே நேரம் ஆக்சிலரேட்டரையும் அழுத்த வேண்டியிருக்கும். முன்சக்கரம் இழுக்கும் கார்களில், சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டான சிவி ஜாயின்ட்டுக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை. தேய்ந்த ஜாயின்ட் இங்கே ‘டக் டக் டக்’ என்று வேகமாக அடிக்கும். பெரும்பாலும் இதைத் தொடங்கிவைப்பது ஜாயின்ட்டை மூடியிருக்கும் ‘பூட்’ என்ற ரப்பர் உறையில் விழும் கிழிசல்தான். கிரீஸ் வெளியேறி, மண்ணும் தண்ணீரும் உள்ளே போய்விடும். சத்தம் வருமுன் கண்டுகொண்டால் புது பூட்டும் கிரீஸும் போதும். சத்தம் வந்துவிட்டால் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டிவரும்.

இதை மலைமேல் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காரவள்ளியிலேயே வண்டி நடமாட்டமில்லாத சமதளத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, இடமும் வலமும் மெதுவாக ஒவ்வொரு வட்டம் அடித்தால் தெரிந்துவிடும். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் ‘டொக்’ என்று கேட்டால், லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

இறக்கத்தில்: பிரேக்கில் வரும் சத்தம்

ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதில் பெரும்பங்கைப் பிரேக்கின் தலையில் கட்டுவதா, எஞ்சினோடு பகிர்வதா என்பது ஓட்டுபவர் கையில் இருக்கிறது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் ஒருபோதும் இறங்காதீர்கள்.

மழைக்கும் பனிக்கும் பிறகு காலையில் வரும் கரகரப்பு, டிஸ்க்கின் மேல் படிந்த லேசான துருவால் வருவது. நான்கைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். போகாத ‘கீச்’ சத்தம், பேட் தேய்ந்துவிட்டதைச் சொல்வதற்காகவே சில பேட்களில் வைத்திருக்கும் உலோகத் தகடு உரசுவதாக இருக்கலாம். இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் கேட்டால் பேட் முழுவதும் தீர்ந்து டிஸ்க்கும் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். பிரேக்கை மிதிக்காதபோதும் ‘கிர்’ என்று உரசினால், டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் இடையே கல் சிக்கியிருக்கலாம்.

சத்தமே போடாத ஆபத்தும் உண்டு. பிரேக் ஆயில் நாளடைவில் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காத டாட் 4 ஆயிலுக்கு, ஈரம் ஏறிய பிறகு இருக்க வேண்டிய குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். கொதித்தால் குமிழிகள் உண்டாகி, பெடல் மெத்தென்று அமுங்கும், வண்டி நிற்காது. பெடல் இளகினாலோ கருகிய வாடை வந்தாலோ, அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடேறிய டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள்; அது கோணிக்கொள்ளலாம்.

எப்போது ஏறக்கூடாது?

டயரில் சிக்கிய கல்லை எடுத்துப் போட்டுவிட்டு ஏறலாம். காலைத் துருவின் கரகரப்பு நின்றதும் ஏறலாம். பேரிங் இரைச்சல், ஜாயின்ட் அடிப்பது, ஓயாத ‘கீச்’, இரும்பு அரைப்பது, ஆடும் சக்கரம் என்றால் திரும்பிவிடுங்கள். லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில் கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. எந்த வேகத்தில், எந்தப் பக்கம் திரும்பும்போது, பிரேக் மிதித்தபோதா மிதிக்காதபோதா சத்தம் வந்தது என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். வேலை விரைவில் முடியும்.

வெளியூர்க்காரருக்கு இது ஒரு நாள் சுற்றுலாச் சாலை. மிளகும் பலாவும் ஏற்றிவரும் வண்டிகளுக்கும், பஸ்ஸில் வேலைக்கும் மருத்துவமனைக்கும் இறங்கும் மலைமக்களுக்கும் இது அன்றாடச் சாலை. நம் பிரேக் பழுதானால் எதிரே வரும் அவர்களும் பலியாகலாம். அடிவாரத்தில் பத்து நிமிடம் நின்று சக்கரங்களைச் சோதிப்பது அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.