எந்த 25,000?

"சார், மெட்ராஸ்ல மாசம் 25,000 சம்பளத்துல சமாளிக்க முடியுமா?" என்று ஊரிலிருந்து யாராவது ஒரு தம்பி போன் பண்ணிக் கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. "எந்த 25,000, தம்பி?" என்று திருப்பிக் கேட்பேன். அவன் முறைப்பது போனிலேயே தெரியும்!

விஷயம் இருக்கிறது. ஆபர் லெட்டரில் 'வருடத்துக்கு 3 லட்சம்' என்று போட்டிருப்பார்கள். தம்பி அதை 12-ஆல் வகுத்து அம்மாவிடம் 25,000 என்பான். அம்மா பக்கத்து வீட்டில் 30,000 என்பாள். அது கிடக்கட்டும். அந்த 3 லட்சம் உங்களுக்காகக் கம்பெனி செய்கிற செலவு; உங்களுக்கு வருகிற வரவு இல்லை. சி.டி.சி. என்று நாகரிகமாகச் சொல்வார்கள்.

பேசிக் 12,500 என்று வையுங்கள். கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,500 ரூபாய், அந்த 25,000-க்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கிராஜுவிட்டி என்று ஒரு 600. உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,500. போதாததற்கு ஆறு மாசத்துக்கு ஒரு தரம் மாநகராட்சி தொழில் வரி 1,250. ஆக, கைக்கு வருவது சுமார் 21,200. பி.எஃப். நம்ம பணம்தான், யார் இல்லேன்னது? ஆனால், பாஸ்புக்கைக் காட்டினால் மெஸ்ஸில் சாப்பாடு போடமாட்டார்களே!

சரி, கட்டை பிரம்மச்சாரிக்கு இது போதுமா? போதும். எங்கள் ஆபீஸ் தம்பி ஒருத்தன் கணக்கையே சொல்கிறேன். குரோம்பேட்டையில் மூணு பேராகச் சேர்ந்து வீடு; இவன் பங்கு 5,000. கரண்ட், தண்ணி 600. மெஸ், டிபன், டீ எல்லாம் 6,500. நுங்கம்பாக்கத்துக்கு எலெக்ட்ரிக் டிரெயின் சீசன் டிக்கெட், அவசரத்துக்கு ஷேர் ஆட்டோ 800. போனுக்கு 350. சோப்பு, முடிவெட்டு, சினிமா 1,700. மொத்தம் 14,950. ஊருக்கு 5,000 அனுப்புகிறான். மிச்சம் 1,250. ஆவணியிலும் தையிலும் நாலு சிநேகிதர்கள் கல்யாணம் வைத்தால் மொய்க்கே அது போய்விடும். மாசக் கடைசிக்கு அம்மா உணவகம் இருக்கிறது. 2013-ல் ஆரம்பித்தபோது இட்லி 1 ரூபாய். இப்பவும் அதே 1 ரூபாய்தான்.

வண்டி இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீடு தேட என்னையும் இழுத்துக்கொண்டு போனான். தாம்பரம் தாண்டி ஒரு சின்ன வீடு, வாடகை 12,000. கையில் வாங்குகிற சம்பளத்தில் பாதிக்கு மேல் அங்கேயே காலி. அதைக்கூட, பெண்ணும் வேலைக்குப் போவதால், சமாளித்துவிடலாம் என்றான். வீட்டுக்காரர் அடுத்த வார்த்தையாக, "ஆறு மாச அட்வான்ஸ்" என்றார். 72,000! புரோக்கருக்கு ஒரு மாச வாடகை தனி. மொத்தம் 84,000. மாசம் 1,250 மிச்சம் பிடிக்கிறவன் இதைச் சேர்க்க அஞ்சரை வருஷம் ஆகும். அதுவரை பெண் வீட்டார் காத்திருப்பார்களா?

எனக்குத் தெரிந்து, பட்டணத்தில் சம்பளக்காரன் இடறி விழுகிற இடம் இதுதான். சம்பளம் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. ஊர் மொத்தமாகக் கேட்கிறது. கந்து வட்டியும் பர்சனல் லோனும் புகுவது இந்தச் சந்தில்தான்.

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் மூணு மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. சந்தோஷப்படாதீர்கள். இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அது செல்லும் என்றும் அதிலேயே இருக்கிறது. அந்த வேறு மாதிரி ஒப்பந்தத்தைத்தான் வீட்டுக்காரர் டைப் அடித்துத் தயாராக வைத்திருப்பார்.

கரண்டிலும் இப்படி ஒரு சங்கதி உண்டு. இரண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் அரசாங்கத்தில் இலவசம். வீட்டுக்குத் தனி மீட்டர் இல்லாமல், வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டர் என்றால், முதல் யூனிட்டிலிருந்தே அவர் சொல்கிற ரேட்! வாடகை பேசும்போதே, "கார்டு எங்க பேர்ல இல்லாட்டியும் மீட்டர் தனிதானே சார்?" என்று கேட்டுவிடுவது உத்தமம்.

அட்வான்ஸையும் குறைத்துக் கேட்கலாம், தப்பில்லை. தம்பிக்காக நாலு வீட்டில் கேட்டேன். மூணு பேர் கதவைச் சாத்தினார்கள். நாலாவது ஆள் மூணு மாசத்துக்குச் சம்மதித்தார். மொட்டை மாடிக்கு அடுத்த வீடு. தண்ணி மட்டும் ராத்திரி 2 மணிக்கு வருமாம். தம்பி இப்போது அலாரம் வைத்துத்தான் படுக்கிறான்.