இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் கேம் இரட்டை வேகத்தில் ஓடுமா?

கேமிங் பிசி அசெம்பிள் செய்யும் கோவை இளைஞருக்கு இந்த ஆசை வருவது இயல்பு. ஆனால், ஓடாது. ஏன்?

1998இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் இரண்டு வூடூ2 கார்டுகள், திரையின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பங்குபோட்டு வரைந்தன. 2004இல் கார்டுகளை இணைத்து ஓட்டும் என்விடியாவின் எஸ்எல்ஐ வசதி வந்தது. அதில் பெரும்பாலும் ஒரு ஃபிரேம் இந்தக் கார்டு, அடுத்தது அந்தக் கார்டு. ஓட்டலில் இரண்டு மாஸ்டர்கள் மாறிமாறித் தோசை ஊற்றுவதுபோல.

சிக்கல் என்னவென்றால், இன்றைய கேம்கள் முந்தைய ஃபிரேமின் தகவலை எடுத்துத்தான் அடுத்ததை வரைகின்றன. முதல் தோசை வேகும்வரை இரண்டாவது மாஸ்டர் கைகட்டி நிற்க வேண்டியதுதான். ஃபிரேம்கள் சீரான இடைவெளியில் வராவிட்டால் காட்சி விக்கிவிக்கி நகரும். நினைவகமும் அதிகரிக்காது: ஒரே படத்தரவை இரண்டிலும் நகலெடுக்க வேண்டும் என்பதால், 24 ஜிபி கார்டு இரண்டு இருந்தாலும் கேமுக்கு 24 ஜிபிதான்.

மின்சாரமோ இரட்டிப்பு. ஆர்டிஎக்ஸ் 3090 ஒன்றுக்கு 350 வாட், இரண்டுக்கு 700. சித்திரை மாதத்தில், மூடிய அறையில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவைத்த கதைதான்.

2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கேமிங் கார்டுகளில் இணைப்பு வசதியையே என்விடியா எடுத்துவிட்டது.

பிளெண்டர் மென்பொருளில் அனிமேஷன் செய்பவருக்கும், ஏஐ மாடல் பழக்குபவருக்கும் இரண்டாவது கார்டு பயன்படும். அங்கே வேலையைத் தனித்தனியாகப் பிரிக்கலாம். கேம் மட்டும்தான் என்றால், அந்தப் பணத்தையும் சேர்த்து ஒரே நல்ல கார்டாக வாங்குங்கள்.