கண் துளியும் காதுத் துளியும்: மருந்துப் பெயரீட்டில் ஒரு தெளிவு
கண்ணில் இடும் துளிமருந்தும் காதில் இடும் துளிமருந்தும் ஒத்த குப்பிகளில் வரினும் இயல்பால் வேறானவை. கண்மருந்து கிருமியற்றதாகவும் கண்ணீரின் உப்புச் செறிவுக்கு இயைந்ததாகவும் ஆக்கப்படுகிறது. காதுமருந்து அனைத்துக்கும் இவ்வரையறை இல்லை. அசெட்டிக் அமிலம் கலந்த காதுத்துளி கண்ணிற் பட்டால் கருவிழி புண்படக்கூடும். கண்மருந்தைக் காதுக்கு மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. காதுக்கென்றே ஆக்கிய மருந்தைக் கண்ணில் இடுதல் கூடாது. இரண்டையும் ‘சொட்டு மருந்து’ என்று மட்டும் குறிப்பது, புலம்பெயர் நாடுகளில் தமிழ் மட்டுமே படிக்கவல்ல முதியோருக்குத் தீங்காகலாம். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அம்மரபின் வழிவந்த நாம், குப்பியின்மேல் உறுப்பின் பெயரையே முதலில் எழுதுவிக்க வேண்டும். அங்கே ‘செவி’ என்பதினும் ‘காது’ என்பதே தகும்.