ராஜ்யங்கள் கவிழ்ந்த கதை சொன்ன கலால் அதிகாரி

பெங்களூரு விவேக் நகரில், குழந்தை இயேசு ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் தொடங்கி ஈஜிபுரம், நீலசந்திரா, ஆஸ்டின் டவுன் வரைக்கும் தமிழ் வீடுகள் நிறைய. வியாழக்கிழமை ஆலயக் கூட்டத்தில் பூக்காரரிடமும் மெழுகுவத்திக் கடையிலும் பேரம் நடப்பது பெரும்பாலும் தமிழில்தான். இந்தப் பக்கத்துப் பழைய வாசகர்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால், வாரப் பத்திரிகைத் தொடரைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டி பைண்டு செய்த ‘பொன்னியின் செல்வன்’ கிடைக்கலாம். கூடவே சாண்டில்யனும் இருப்பார். கல்கி அந்தத் தொடரை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தையொட்டி, இதே பெங்களூரில், வீட்டில் தமிழ் பேசிய இன்னொருவர் இரண்டு சரித்திர நாவல்கள் எழுதினார். கன்னடத்தில் எழுதியதால் நம் அலமாரிகளுக்கு அவர் வந்து சேரவே இல்லை.

மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். 1891 ஜூன் 6-ஆம் தேதி கோலார் மாவட்டம் மாலூர் தாலுகாவில் பிறந்தவர். மாஸ்தி என்பது குடும்பத்தின் ஊர், தமிழ்நாட்டு எல்லைக்கு அதிக தூரமில்லை. சென்னையில் ஆங்கில இலக்கியம் படித்து 1914-இல் எம்.ஏ. முடித்தார். மைசூர் சமஸ்தான சிவில் சர்வீஸில் உதவி ஆணையராகச் சேர்ந்து, மாவட்ட ஆணையர், கலால் ஆணையர் என்று உயர்ந்தார். ‘ஸ்ரீநிவாச’ என்ற பெயரில் கதைகள் எழுதினார். கன்னடச் சிறுகதைக்கு அவரைத்தான் தகப்பன் ஸ்தானத்தில் வைக்கிறார்கள். தாய்மொழி தமிழாக இருந்தும் கன்னடத்தில் எழுதியவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. நாடகத்துக்கு டி.பி. கைலாசம், கவிதைக்கு பு.தி. நரசிம்மாச்சார் என்று ஒரு வரிசையே உண்டு. நாம்தான் இதைக் கொண்டாடுவதும் இல்லை, படிப்பதும் இல்லை.

1943-இல் மாஸ்தியைத் தாண்டி அவருக்கு இளையவர் ஒருவரை உயர்த்தினார்கள். மாஸ்தி ராஜினாமா கடிதத்தை நீட்டிவிட்டு வெளியே வந்தார். அடுத்த வருஷமே ‘ஜீவன’ என்ற மாதப் பத்திரிகையைக் கையில் எடுத்து, 1965 வரை விடாமல் நடத்தினார். இரண்டு சரித்திர நாவல்களும் இந்தக் காலத்தில் வந்தவைதான்: 1949-இல் ‘சென்னபசவ நாயக’, 1956-இல் ‘சிக்கவீர ராஜேந்திர’.

நம் சரித்திர நாவல்களில் ராஜ்யம் வளரும். சோழக் கொடி ஏறும், கப்பல் கடல் தாண்டும், ஒற்றன் சுரங்கத்தில் ஓடுவான். மாஸ்தி எடுத்துக்கொண்ட இரண்டு ராஜ்யங்களுமே செத்துக்கொண்டிருந்தவை. முதல் நாவலில் ராணி வீரம்மாஜியின் பிதனூர், 1763-இல் ஐதர் அலியிடம் போன நாடு. இரண்டாவதில் குடகு, 1834-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வாயில் விழுந்தது. இரண்டிலும் எதிரி வாசலுக்கு வரும்போது வீடு ஏற்கெனவே உள்ளே உளுத்துப்போயிருக்கிறது. கிட்டத்தட்ட முப்பது வருஷம் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்த மனிதருக்கு, ஒரு நிர்வாகம் எந்த இடத்தில் முதலில் இற்றுப்போகும் என்று தெரிந்திருக்கிறது. அரண்மனையைவிட அவர் மந்திரிகளின் வீட்டுத் திண்ணையைத்தான் அதிகம் கவனிக்கிறார்.

குடகு விஷயத்தைப் பாருங்கள். ஹாலேரி வம்சத்து ராஜாக்கள் வீரசைவர்கள், ஆளப்பட்ட மக்களில் முக்கியமானோர் குடவர்கள். 1820-இல் பட்டத்துக்கு வந்த சிக்கவீர ராஜேந்திரன் சொந்தத் தங்கை தேவம்மாஜியையும் அவள் கணவன் சென்னபசவனையும் பகைத்துக்கொண்டான். 1832-இல் இருவரும் தப்பி, மைசூரிலிருந்த வெள்ளைக்காரர்களிடம் தஞ்சம் புகுந்தார்கள். திருப்பி அனுப்பு என்று ராஜா கேட்க, கம்பெனி மறுக்க, கடிதப் போக்குவரத்திலேயே இரண்டு வருஷம் ஓடியது. 1834 ஏப்ரலில் படை வந்தது. மலைப்பாதைத் தடுப்பு அரண்களில் குடவர்கள் வெள்ளைக்காரப் படைப்பிரிவுகளை நன்றாகவே அடித்தார்கள். ஆனால் தலைநகர் மடிக்கேரி விழுந்தது சண்டையால் அல்ல. திவான் போபண்ணா கம்பெனி பக்கம் போய்விட்டார். மாஸ்தியின் நாவல் முழுக்க அந்த ஒரு முடிவை நோக்கித்தான் நகர்கிறது. விசுவாசமான மந்திரி எந்த அவமானத்துக்குப் பிறகு, எத்தனையாவது முறையீடு வீணான பிறகு, ‘இனி இந்த ராஜா வேண்டாம்’ என்று நினைக்கத் தொடங்குகிறான்? போபண்ணாவைத் துரோகி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட வாசகனுக்கு மனம் வராது. ராஜாவின் நிழலாகத் திரியும் குண்ட பசவன் என்ற நொண்டி அடியாள், பொறுத்துப் பொறுத்துப் போகும் ராணி கௌரம்மா எல்லோரும் அந்தத் திருப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

மாஸ்தியைப் போலவே உத்தியோகம் பார்த்துக்கொண்டு சரித்திரக் கதை எழுதியவர் ஜப்பானில் மோரி ஓகாய் என்றொருவர் இருந்தார். 1862-இல் பிறந்தவர். ராணுவ மருத்துவத் துறையின் தலைமைப் பதவி வரை போன டாக்டர். 1912-இல் பேரரசர் மெய்ஜி இறந்ததும், ஜெனரல் நோகி மனைவியோடு உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த அதிர்ச்சியில் சரித்திரக் கதைகளுக்குத் திரும்பியவர் ஓகாய். அடுத்த வருஷம் அவர் எழுதிய ‘அபே குடும்பம்’, இறந்த எஜமானனோடு சாக அனுமதி கிடைக்காத ஒரு சாமுராய் குடும்பம் அழிந்த கதை. ஓகாயும் ஆவணங்களோடு பழகிய அதிகாரி, வீரத்தை ஊதிப் பெரிதாக்காமல் வறண்ட குரலில் சொல்பவர். மாஸ்தியின் குரல் அவ்வளவு வறண்டதல்ல, திண்ணையில் உட்கார்ந்து ஊர்ப் பெரியவர் சொல்வது போல நிதானமாக வரும். சாண்டில்யன் படித்துப் பழகிய கைக்கு முதல் நூறு பக்கம் சோதனைதான். குதிரைக் குளம்பொலி அதிகம் கேட்காது.

ஒரு குறையும் உண்டு. மாஸ்தியின் ராணி கௌரம்மா கொஞ்சம் அதிகமாகவே உத்தமி, வெள்ளைக்கார அதிகாரிகள் கொஞ்சம் அதிகமாகவே நியாயஸ்தர்கள். குடகு ராஜாவைக் கொடுங்கோலன் என்று சொல்லும் காகிதங்களில் கணிசமானவை அவன் நாட்டைப் பறித்தவர்கள் எழுதியவை. நாவலாசிரியர் அவற்றை இன்னும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

சாகித்ய அகாதமி 1968-இல் அவருக்குச் சிறுகதைகளுக்காகப் பரிசு தந்தது. 1983-ஆம் வருஷத்து ஞானபீடம் ‘சிக்கவீர ராஜேந்திர’ பெயரோடு வந்தபோது அவருக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது. நம் அகிலனுக்கு இது தலைகீழாக நடந்தது. அகாதமி பரிசு ‘வேங்கையின் மைந்தன்’ என்ற சோழர் நாவலுக்கு, ஞானபீடம் ‘சித்திரப்பாவை’ என்ற சமூக நாவலுக்கு. மாஸ்தி 1986 ஜூன் 6, தம் பிறந்தநாளிலேயே காலமானார். கவிபுரத்தில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது. குடகு நாவலை நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் கொண்டுவந்திருக்கிறது. பள்ளியில் கன்னடம் படித்த பேரப்பிள்ளைகள் மூலத்தையே எடுத்துப் பார்க்கலாம்.

நாடிழந்த ராஜாவின் மிச்சக் கதை நாவலுக்குச் சளைத்ததல்ல. வேலூர், பிறகு காசி என்று கொண்டுபோகப்பட்டவன், 1852-இல் மகள் கௌரம்மாவோடு லண்டன் போனான். அந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது ஞானத்தாய், விக்டோரியா மகாராணி. தகப்பனோ, தன் குடும்பம் கம்பெனியிடம் முதலீடு செய்திருந்த பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி அதே கம்பெனி மேல் லண்டனில் வழக்குப் போட்டான். 1859-இல் அங்கேயே செத்தும் போனான். பணம் வரவில்லை.