தகுதி

‘தகுதி’ என்னுஞ் சொல்லை மாணவர்க்கு விளக்கப் புகும்போது யான் நன்னூலிலிருந்தே தொடங்குவது வழக்கம். வழக்கினை இயல்பு, தகுதி என இரண்டாகப் பகுத்த பவணந்தியார், தகுதி வழக்கினுள் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றையும் அடக்கினார். உள்ளதை உள்ளவாறு கூறாது, தகுதி நோக்கிப் பிறிதொரு சொல்லாற் கூறுதல் அது. செத்தாரைத் துஞ்சினார் என்கின்றோம். சுடுகாட்டை நன்காடு என்கின்றோம்.

2023ஆம் ஆண்டு தொடங்கி இச்சொல் வேறொரு பொருள்கொண்டு என் வீட்டுத் திண்ணையேறி வருகின்றது. அரசாங்க உதவிப் படிவங்களோடு அயலவர் வருகின்றனர். ஆசிரியப் பதவிக்குத் தகுதியாவது கற்றிருத்தல். இவ்வுதவிக்குத் தகுதியாவது இல்லாதிருத்தல். இல்லாதார் தம் இல்லாமையை எண்ணால் நிறுவிக் காட்டல் வேண்டும்.

முன்னாளில் இந்நாட்டு அரசு இவ்வாறு துருவிக் கேட்டதில்லை. 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீட்டுக்குக் கூப்பன் புத்தகம் இருந்தாற் போதும். செல்வர் வறியர் என்னும் பாகுபாடு நெடுங்காலம் பெரிதாய் இருந்ததன்று. 1953இல் கொத்தரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்டு 12ஆந் திகதி ஹர்த்தால் மூண்டது; பிரதமர் டட்லி சேனநாயக்கா அவ்வாண்டிலேயே பதவி துறந்தார். 1978இலேதான் மாத வருமானம் 300 ரூபாவுக்கு மேற்பட்ட குடும்பங்கள் பங்கீட்டினின்றும் நீக்கப்பட்டன. மறு ஆண்டு செப்டெம்பரில் உணவு முத்திரை வந்தது.

வருமானம் இவ்வளவென்று கூறுபவர் யார்? விண்ணப்பிப்பவரே. கடைக்காரர் வருமானம் அவர் வாயில் இருந்தது. தோட்டத் தொழிலாளியின் கூலியோ தோட்டத்துப் பதிவேட்டிலே சதக்கணக்கிற் கிடந்தது. மறைக்க வழியேது? லயத்து அறையொன்றில் நெருங்கி வாழ்ந்தும், பலர் உழைத்த காரணத்தால் வரம்பைத் தாண்டியதாக எண்ணப்பட்ட குடும்பங்கள் உண்டு. முத்திரையில் அச்சிட்ட பெறுமதி அப்படியே நின்றது. அரிசி விலை நிற்கவில்லை.

பின்னர் 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும. இப்பெயர்களை முறையே மக்கள் வலிமை, செழிப்பு, ஆறுதல் எனத் தமிழ்ப்படுத்தலாம். வறுமை என்னுஞ் சொல் ஒன்றிலேனும் இல்லை. மங்கல வழக்குக்கு இனி உதாரணந் தேடி அலைய வேண்டியதில்லை!

பழைய பட்டியல்களிற் கட்சிக்காரர் பெயரே மலிந்தன என்பது பலகாலக் குறை. அதனை நீக்கவே இம்முறை வாய்ச்சொல்லை விடுத்து, கண்ணாற் காணத்தக்க குறிகளை அளந்தனர்: கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறையில் 22 குறிகாட்டிகள். நோக்கம் நன்றே. மனிதர் பொய் சொல்வர், வீடு சொல்லாது என்று கருதினர் போலும்.

வீடுஞ் சொல்லும். என் அயலிலே கைம்பெண் ஒருவர் இடியப்பம் அவித்து விற்றுச் சீவிக்கின்றார். கணவரின் பாட்டனார் மலாயாவில் உத்தியோகம் பார்த்துக் கட்டிய நாற்சார் வீடு அவருடையது. இரண்டு பக்கத்துக் கூரை இறங்கிவிட்டது. மழைக்கு ஒழுகாத அறை ஒன்றே. தரையை அளந்தாலோ பெருவீடு. முற்றத்துக் கொட்டிலில் மகள் குடும்பம் வேறு. இரு குடும்பத்துக்கும் மின்மானி ஒன்று. தரையளவும் மின்னலகும் ஒருங்கே அவருக்கெதிராய்ச் சாட்சி கூறின. முதற்பட்டியலிற் பெயர் இல்லை. அவ்வாண்டு ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன; அவற்றுள் ஒன்று என் கையெழுத்தில் உள்ளது.

முதலில் எழுதியது பாழ். அடுக்கு மொழியில் ஒரு பக்கம் எழுதி வாசித்துக் காட்டினேன். அம்மையார் சற்றுநேரம் பேசாதிருந்து, “பண்டிதர் ஐயா, நீங்கள் வாசிக்கேக்கை என்ர வீடு இன்னும் பெரிசாத் தெரியுது” என்றார். கிழித்துவிட்டு, எத்தனை ஓடு இல்லை, எத்தனை பேர் உண்கின்றனர், ஒரு நாளில் எத்தனை இடியப்பம் விற்கும் என்பவற்றை மட்டும் எழுதினேன். முப்பது ஆண்டு கட்டுரை திருத்திய எனக்கு அவ்வொரு பக்கம் எழுத இரண்டு மணிநேரஞ் சென்றது.

உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். ஒழுகும் அறைகளையும் பார்த்தார். சில மாதங்களின் பின் பெயர் சேர்ந்தது. மிக வறியோர்க்கு அந்நாளில் மாதம் 15,000 ரூபா, வறியோர்க்கு 8,500, இடர்படத் தக்கோர்க்கு 5,000. இவர் சேர்ந்தது நான்காம் வகை, 2,500. 2023 டிசெம்பர்வரை மட்டுமே என முதலிற் குறித்து, பின்னர் நீட்டிய வகை அது.

வகையின் பெயருக்குப் பொருள் கேட்டார். “நிலைமாறுவோர் என்பது கருத்து” என்றேன்.

“எந்தப் பக்கம் மாறிறது, ஐயா?” என்றார்.

மறுநாட் சந்தைக்கு மாக் குழைக்க வேண்டுமென்று, என் விடையை எதிர்பாராமலே படலையைச் சாத்திக்கொண்டு போனார்.