செந்தாமரையும் செஞ்ஞாயிறும்

மாணவர்களே! 'நேற்று வந்த சிறுவன்' என்னும் தொடரில் 'வந்த' என்பது பெயரெச்சம். அது தான் தழுவும் பெயருக்கு முன்னே நிற்கின்றது. ஆங்கிலத்திலோ பெயர் முன்னே நிற்க, அதனை விளக்கும் தொடர் பின்னே வரும். அவ்விரண்டையும் பிணைக்கும் சொல்லை 'ரிலேடிவ் புரோனவுன்' என்பர். நாம் அதனை இணைப்புப் பெயர் என்போம்.

உயர்திணைக்கு 'ஹூ' என்பதும், அஃறிணைக்கு 'விச்' என்பதும் உரியன. 'தட்' இரு திணைக்கும் பொது. 'ஹூ' என்பது எழுவாயாக வரும். இரண்டாம் வேற்றுமைப் பொருளில் 'ஹூம்' எனவும், ஆறாம் வேற்றுமைப் பொருளில் 'ஹூஸ்' எனவும் திரியும். 'நான் வாங்கிய நூல்' என்பதனைத் 'தி புக் விச் ஐ பாட்' என்று முடித்தல் வேண்டும். ஆங்கே 'விச்' என்பதே செயப்படுபொருளாக நிற்றலின், இறுதியில் 'இட்' என்று சேர்ப்பது கூறியது கூறல் என்னும் குற்றமாம்.

இனி, நுட்பமான செய்தி ஒன்று உண்டு. தந்தை ஒருவர் தம் வீட்டை, 'மதுரையில் வாழும் என் புதல்வர்க்கு' என்று உயில் எழுதுவதாகக் கொள்வோம். ஆங்கிலத்தில், 'மை சன்ஸ்' என்பதன்பின் காற்புள்ளியின்றி 'ஹூ லிவ் இன் மதுரை' என்று எழுதினால், மதுரையில் வாழ்வோர்க்கு மட்டுமே வீடு. வேற்றூரில் வாழும் புதல்வர்க்கு இல்லை. அத்தொடரின் முன்னும் பின்னும் காற்புள்ளி இட்டாலோ, புதல்வர் அனைவரும் மதுரையில் வாழ்கின்றனர், அனைவர்க்கும் வீடு உரியது என்பது பொருள். ஒரு சிறு குறி ஒருவனது உரிமையையே மாற்றிவிடுகின்றது அன்றோ?

இவ்வேறுபாடு நமக்குப் புதியதன்று. அடைமொழி இனமுள்ளது, இனமில்லாதது என இருவகைப்படும் என்பதனைப் பவணந்தி முனிவர் நன்னூலில் கூறியுள்ளார். 'செந்தாமரை' என்புழி, வெண்டாமரை என்னும் இனமும் உண்மையின், அடைமொழி ஒன்றைப் பிரித்துக் காட்டுகின்றது. 'செஞ்ஞாயிறு' என்புழி, வேறு ஞாயிறு இன்மையின், அது இயல்பை மட்டுமே உரைக்கின்றது. காற்புள்ளி பெறாத தொடர் செந்தாமரை போன்றது. காற்புள்ளி பெற்ற தொடர் செஞ்ஞாயிறு போன்றது. பின்னதில் 'தட்' வருதல் மரபன்று.

ஆகவே, ஆங்கிலம் எழுதுங்கால், 'இங்கு நான் பிரித்துக் காட்டுகின்றேனா, இயல்பை உரைக்கின்றேனா?' என்று உங்களையே வினவுங்கள். பிரித்துக் காட்டுவதாயின் காற்புள்ளி வேண்டா. இயல்பை உரைப்பதாயின் தவறாது இடுங்கள். தாய்மொழி இலக்கணத்தைச் செவ்விதின் உணர்ந்தார்க்குப் பிறமொழி இலக்கணமும் எளிதின் விளங்கும்.